மேற்குப் பால்கனிக்குக் கம்பியும் கூரையும்: சங்கத்திடம் எப்படிக் கேட்பது?

கேள்வி: கோவை சரவணம்பட்டியில், அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் வசிக்கிறோம். வீட்டை ஒப்படைத்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. ஆனி, ஆடியில் மேற்குப் பால்கனி வழியாகச் சாரல் கூடம் வரை அடிக்கிறது. கம்பித் தடுப்பும் ஷீட் கூரையும் போடக் கேட்டதற்கு, முகப்பு கெட்டுவிடும் என்று சங்கச் செயலாளர் வாய்மொழியாக மறுத்துவிட்டார். சங்கம் அமைவதற்கு முன்பே ஒருவர் கம்பி போட்டிருக்கிறார். எங்கள் சொந்த வீட்டுக்கு அனுமதி எதற்கு? போட்டுவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாமா?
– வாசகி, கோவை

பதில்: அன்புச் சகோதரிக்கு, போட்டுவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சாரலை எப்படி வீட்டுக்குள் வாரி இறைக்கும் என்பது கோவைவாசிகள் அனைவருக்கும் தெரியும். உங்கள் தேவை நியாயமானது. ஆனால் பால்கனியின் உட்புறம்தான் உங்களுடையது. கம்பியைப் பதிக்கப்போகும் வெளிச்சுவர் எல்லோருக்கும் பொதுவானது. கிரயப் பத்திரத்தையும் சங்கத்தின் துணைவிதிகளையும் எடுத்து, வெளித்தோற்ற மாற்றம் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் படியுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2016ஆம் ஆண்டின் ரெரா எனப்படும் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டப்படி, ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறை தெரியவந்தால் கட்டியவரே செலவின்றிச் சரிசெய்து தர வேண்டும். உங்களுக்கு இன்னும் இரண்டு ஆண்டுகள் மீதமிருக்கும் நிலையில் நீங்களாகச் சுவரைத் துளைத்தால், நாளை நீர்க்கசிவு வரும்போது அந்தத் துளையையே காரணம் காட்டி அவர் கைகழுவிவிடக்கூடும்.

வாய்மொழி மறுப்பை முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். செயற்குழுவுக்கு எழுத்துமூலம் விண்ணப்பித்து, நகலில் தேதியுடன் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். சாரல் அடிக்கும் புகைப்படம், அளவுகளுடன் கூடிய வரைபடம், கட்டடத்தோடு ஒத்துப்போகும் நிறம் ஆகியவற்றை இணையுங்கள். குழு உண்மையில் அஞ்சுவது அழகு கெடுவதற்கு மட்டுமன்று. கூரையில் விழும் நீர் இரண்டாவது மாடி வீட்டின் மேல் கொட்டுமோ, ஆடிக்காற்றில் ஷீட் பிய்த்துக்கொண்டு கீழே நிற்பவர் மேல் விழுமோ என்பதே பெரிய கவலை. ஆகவே நீர் எந்தக் குழாய் வழியாக இறங்கும், போல்ட்டுகள் கான்கிரீட்டில் பதிகின்றனவா அல்லது பிடிமானம் குறைந்த இலேசான பிளாக் கல்லிலா, துளைகள் எப்படி அடைக்கப்படும் என்பதைப் பொறியாளர் ஒருவரிடம் எழுதி வாங்கித் தாருங்கள். கீழ்வீட்டாரின் சம்மதக் கடிதமும் இருந்தால் பாதி எதிர்ப்பு அடங்கிவிடும். கம்பியில் ஒரு பகுதி திறக்கும்படி இருக்கட்டும். தீ விபத்தின்போது அது உயிர் காக்கும்.

முன்பே கம்பி போட்டவரைச் சுட்டிக்காட்டி வாதாடினால் பகைதான் மிஞ்சும். அதைவிட, மேற்குப் பார்த்த எல்லா வீடுகளுக்கும் ஒரே வடிவமைப்பை ஏற்கும்படி பொதுக்குழுவில் தீர்மானம் கொண்டுவரச் சொல்லுங்கள். உங்களைப் போலவே நனைகிற மற்ற வீட்டார் நிச்சயம் கூட நிற்பார்கள். என் கருத்தில், கூரையை விட்டுவிட்டு, பால்கனிக்கு உட்புறமாகச் சுருட்டி ஏற்றி இறக்கும் மழைத்திரையைக் கேட்பதே நல்லது. அதற்கு வெளிச்சுவரைத் தொட வேண்டியதில்லை என்பதால் குழு இணங்குவதும் எளிது.

தை, மாசியிலேயே விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள். எழுத்துமூல ஒப்புதல் கைக்கு வந்த பிறகே வெல்டிங் பட்டறைக்கு முன்பணம் கொடுங்கள்.