7/16 அங்குலம் வெர்னியரில் எவ்வளவு காட்டும்?

கேள்வி: லேத் பட்டறையில் வேலை பழகுகிறேன். பழைய ட்ராயிங்குகளில் 7/16, 23/64 என்று அங்குலத்தைப் பின்னமாகத்தான் போட்டிருக்கிறார்கள். கையில் இருப்பதோ அளவைத் தசமத்தில் காட்டும் டிஜிட்டல் வெர்னியர். கால்குலேட்டரைத் தேடாமல் இவற்றைத் தசமமாக்க வழி உண்டா? 1/3 மட்டும் முடியாமல் நீண்டுகொண்டே போகிறதே, அதை எங்கே நிறுத்துவது?

பதில்: பின்னம் என்பது முடிக்காமல் விட்ட வகுத்தல் கணக்கு, அவ்வளவுதான். 7/16 என்றால் 7-ஐ 16-ஆல் வகுக்க வேண்டும். 7-க்குள் 16 போகாது. எனவே "0." எழுதி, 7-க்குப் பின்னால் ஒரு பூஜ்யம் சேருங்கள். 70-இல் 16 நான்கு முறை போகும், மீதி 6. 60-இல் மூன்று முறை, மீதி 12. 120-இல் ஏழு முறை, மீதி 8. 80-இல் சரியாக ஐந்து முறை. விடை 0.4375.

அவசரத்தில் பலர் 16-ஐ 7-ஆல் வகுத்துவிட்டு 2.28 என்று நிற்பார்கள். அதனால் கணக்கைத் தொடங்கும் முன்பே ஒரு மதிப்பீடு வைத்துக்கொள்ளுங்கள். 16-இல் பாதி 8. 7 அதைவிடக் கொஞ்சம் குறைவு. ஆகவே விடையும் 0.5-க்குச் சற்றுக் கீழே இருந்தாக வேண்டும்.

ஆனால் பட்டறையில் இப்படி உட்கார்ந்து வகுக்கத் தேவையே இல்லை. அங்குலப் பின்னங்கள் எல்லாமே பாதி, பாதியில் பாதி என்று போகிறவை. 1/2 என்பது 0.5, 1/4 என்பது 0.25, 1/8 என்பது 0.125, 1/16 என்பது 0.0625, 1/32 என்பது 0.03125, 1/64 என்பது 0.015625. மனப்பாடம் செய்ய வேண்டியது இந்த வரிசை ஒன்றுதான். மறந்தாலும் முந்தைய எண்ணைப் பாதியாக்கினால் அடுத்தது வந்துவிடும். சுவரில் ஒட்டிய அட்டவணையைவிட இது மேல். அட்டவணை மூன்றே மாதத்தில் எண்ணெய்க் கறையில் மறைந்துவிடும்.

இப்போது 23/64. அருகில் ஒரு சுலபமான பின்னம் இருக்கிறதா என்று பாருங்கள். 24/64 என்பது 3/8, அதாவது 0.375. அதில் ஒரு 1/64-ஐக் கழித்தால் 0.359375. இத்தனை இலக்கமும் வெர்னியரில் வராது. பெரும்பாலான டிஜிட்டல் வெர்னியர்கள் அங்குலத்தில் 0.0005 படியாகத்தான் காட்டும். அதனால் 0.3595 என்று நின்றால் சரி என்று எடுத்துக்கொள்ளலாம்.

மில்லிமீட்டர் வேண்டுமென்றால் 25.4-ஆல் பெருக்குங்கள். 1959-இல் அமெரிக்கா, பிரிட்டன் உள்ளிட்ட ஆறு நாடுகள் பேசி முடிவு செய்த துல்லியமான அளவு அது. நம் ஊரில் 'நூல்' என்கிறோமே, அந்த 1/8 அங்குலம் 3.175 மி.மீ. 7/16 என்பது மூன்றரை நூல், அதாவது 11.1125 மி.மீ. கம்பிக் கடையில் நான்கு நூல் கேட்டால் 12 மி.மீ. கம்பியைத் தருவார்கள், கணக்குப்படி அது 12.7. கட்டடத்துக்கு அந்தப் பேச்சு போதும், லேத்துக்குப் போதாது.

சரி, 1/3 ஏன் முடிவதில்லை? பின்னத்தை முடிந்தவரை சுருக்கிய பிறகு, கீழே உள்ள எண் 2, 5 ஆகியவற்றை மட்டும் பெருக்கி வந்ததாக இருந்தால் தசமம் முடியும். 64 வெறும் இரண்டுகளால் ஆனது, அதனால் ஆறாவது இலக்கத்தில் நின்றுவிடுகிறது. 3, 7 போன்றவை கலந்தால் வந்த மீதியே திரும்பத் திரும்ப வரும். 10-ஐ 3-ஆல் வகுத்தால் மீதி 1, மறுபடி 10, மறுபடி 1. எத்தனை நாள் வகுத்தாலும் 0.333 தான். 1/7-இல் 142857 என்ற ஆறு இலக்கங்கள் சுற்றி வரும்.

எங்கே நிறுத்துவது என்பதை வேலைதான் சொல்ல வேண்டும். 1/3 அங்குலம் 8.467 மி.மீ. அதை 0.33 என்று வெட்டிப் பெருக்கினால் 8.382 வரும், 0.08 மி.மீ.க்கு மேல் குறைகிறது. மரவேலையில் யாரும் கவனிக்க மாட்டார்கள். பேரிங் உட்காரும் இடத்தில் அந்தப் பிசகு இருந்தால் ஜாப் வீண். அதனால் நடுவில் வெட்டாதீர்கள். 25.4-ஐ நேராக 3-ஆல் வகுத்துவிட்டு, கடைசியில் மட்டும் சுருக்குங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. அடிக் கணக்கில் ஓர் அடிக்கு 12 அங்குலம். 5 அடி 8 அங்குலத்தை 5.8 என்று எழுதுகிறவர்கள் ஏராளம். 8/12 என்பது 2/3, ஆகவே அது 5.667 அடி. 5.8 அடி என்றால் 5 அடி 9.6 அங்குலம், ஒன்றரை அங்குலத்துக்கு மேல் கூடிவிடும். யாராவது 5.8 என்று துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தால், பைப்பை வெட்டும் முன் அது எட்டு அங்குலமா, தசமமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.