டிரெய்லர் கூரையில் சோலார்: ஒயரிங் கேள்வி பதில்

திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டிகளுக்கு ஒயரிங் போட்டுத் தொழில் பழகியவன் நான். ஏழு வருடமாகத் தங்கிச் சமைக்கிற கேம்பர் டிரெய்லர்களுக்குக் கூரை சோலார் போட்டுத் தருகிறேன். பதில்களுக்கு முன்னால் ஒன்று: பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். வேறு எதில் மிச்சம் பிடித்தாலும் இதில் பிடிக்காதீர்கள்.

கோபிசெட்டிபாளையம்: அண்ணா, நாங்கள் நாலு பேர் மாதம் ஒருமுறை டிரெய்லரில் போய்த் தங்குகிறோம். சின்ன 12 வோல்ட் ஃபிரிட்ஜ், ஒரு ஃபேன், மூன்று லைட், போன் சார்ஜ். எத்தனை வாட் பேனல் போடலாங்க?

அம்மணி, முதலில் ஒரு நாள் செலவைப் போட்டுப் பாருங்க. ஃபிரிட்ஜ் நம்ம ஊர் வெயிலில் நாளைக்கு 40 ஆம்பியர்-மணி இழுக்கும். 28 வாட் ஃபேன் எட்டு மணி நேரம் ஓடினால் 19. லைட்டுக்கு 5, போன்களுக்கு 5. ஆக 70-க்குப் பக்கம், பேட்டரி வோல்டேஜால் பெருக்கினால் ஏறத்தாழ 900 வாட்-மணி.

300 வாட் பேனல் கூரையில் படுத்த மாதிரி இருந்தால் நல்ல வெயில் நாளில் 1,200 வாட்-மணி வரை தரும் என்று வையுங்கள். நாம் இருப்பது 11 டிகிரி அட்சரேகையில். பேனலைச் சாய்த்து வைக்கிற பாடு தேவையில்லை. ஆனால் சூடு தின்கிற பங்கு பெரிது. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும், சித்திரை மதியத்தில் பேனல் 60 டிகிரியைத் தாண்டும். அதனால் கூரைக்கும் பேனலுக்கும் நடுவே இரண்டு அங்குலம் காற்று போக விடுங்க. ஐப்பசி மழையில் 300 பத்தாது, அப்போது காரிலிருந்தும் சார்ஜ் ஏற வழி வையுங்கள்.

பேட்டரி 100 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் போதும். டியூபுலர் (ஈய-அமில) பேட்டரி என்றால் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது, 150 வாங்க வேண்டும். 50 கிலோவுக்கு மேல் கனம், சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும். குழந்தைகள் தூங்குகிற அறைக்குள் அது வேண்டாம்.

கரூர்: நாங்கள் இரண்டு பேர், ஃபிரிட்ஜ் கிடையாது. எத்தனை வாட்?

மேலே உள்ள கணக்கில் ஃபிரிட்ஜைக் கழியுங்கள். 150 வாட் தாராளம்.

அவிநாசி: வீட்டு மாடிக்கு வாங்கிய 540 வாட் பேனல் ஒன்று மிச்சம் இருக்கிறது. டிரெய்லரில் ஏற்றலாமா?

ஏற்றலாம், பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே எம்.பி.பி.டி. கன்ட்ரோலர் இருந்தால். கூடுதல் வோல்டேஜை அது ஆம்ப்ஸாக மாற்றிக் கொடுக்கும். அந்தப் பேனல் லோடு இல்லாமல் 50 வோல்ட் வரை காட்டும். மலிவான பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலர் அதை பேட்டரி வோல்டேஜுக்கு இழுத்துவிடும். 13 ஆம்ப்ஸ், 13 வோல்ட், 170 வாட்தான் மிஞ்சும். நீளம் ஏழரை அடி, கனம் 28 கிலோ. கூரை தாங்குமா என்று ஏறிப் பாருங்கள். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது கோவை பைபாஸில் வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும். வெறும் பசையில் ஒட்டாதீர்கள். போல்ட், உள்பக்கம் பட்டைத் தகடு, ஓட்டையைச் சுற்றி சீலன்ட். வால்பாறையின் 40 கொண்டை ஊசி ஏறி இறங்கினால் மறுநாள் ஸ்பேனர் வைத்துப் பாருங்கள்.

ஆழியாறு: தென்னந்தோப்பில் நிறுத்தினால் சார்ஜே ஏறுவதில்லை.

ஒரு மட்டை நிழல் குறுக்கே விழுந்தால் போதும், பேனலில் பெரும் பங்கு படுத்துவிடும். இரண்டு பேனல் இருந்தால் பேரலலாக இணையுங்கள். ஒன்று நிழலில் இருந்தாலும் மற்றது வேலை செய்யும். ஆம்ப்ஸ் இரட்டிப்பாகும், ஒயரைத் தடிமனாகப் போடுங்கள்.

சங்ககிரி: நான் லாரி எலக்ட்ரீஷியன். முப்பது வருஷமாக வண்டியின் இரும்பே நெகடிவ் ஒயராக, பாடி எர்த்தில்தான் எல்லாம் ஓடுகிறது. டிரெய்லரில் மட்டும் நெகடிவுக்குத் தனி ஒயர் எதற்கு? செம்பு விற்கிற விலைக்கு வீண் செலவுங்க.

நானும் அப்படித்தான் பழகினேன், அதனால் விவரமாகவே சொல்கிறேன். லாரி 24 வோல்ட். அதே வாட்டுக்கு ஆம்ப்ஸ் பாதி. சேஸிஸ் கனமான இரும்பு. டிரெய்லர் பாக்ஸ் பைப்பும் பிளைவுட்டும் ஃபைபரும். ரிவெட்டுக்கு ரிவெட் பெயின்ட், துரு. 12 வோல்ட்டில் அரை வோல்ட் போனாலே ஃபிரிட்ஜ் முரண்டு பிடிக்கும்.

சங்ககிரி: ஸ்டார்ட்டர் மோட்டார் நூற்றுக்கணக்கில் ஆம்ப்ஸ் இழுக்கிறதே, அது பாடி வழியாகத்தானே திரும்புகிறது?

நியாயமான கேள்வி. அது சில நொடிதான், அதற்கென்று இன்ஜினிலிருந்து சேஸிஸுக்குத் தடித்த பின்னல் பட்டை இருக்கிறது. சோலார் கரன்ட் தினம் ஐந்தாறு மணி நேரம் விடாமல் ஓடும். போன தையில் ஒரு டிரெய்லர் வந்தது. ஃபிரிட்ஜ் ஸ்டார்ட் ஆகும்போதெல்லாம் டெயில் லைட் மங்கியது. மீட்டரை பேட்டரி நெகடிவிலும் ஃபிரிட்ஜ் எர்த் போல்ட்டிலும் வைத்தேன்: 0.9 வோல்ட். போல்ட்டைக் கழற்றினால் வாஷருக்கு அடியில் பெயின்ட் அப்படியே இருந்தது, ஒரு ஓரத்தில் மட்டும் கருகிய புள்ளி. அந்த ஒரு புள்ளி வழியாகத்தான் மொத்தக் கரன்டும் போயிருக்கிறது. இன்னொன்று: காருக்கும் டிரெய்லருக்கும் நடுவே பிளக்கில் எர்த் பின் விட்டுப்போனால், கரன்ட் டிரெய்லரைக் காரோடு மாட்டுகிற, கிரீஸ் தடவிய இழுவைக் குண்டு வழியாகப் போகும். குண்டு ஆட ஆட லைட் மினுக்கும்.

சங்ககிரி: அப்போ பாடியில் எர்த்தே வேண்டாம் என்கிறீர்களா?

இல்லை, அந்த இடத்தில் உங்கள் பழக்கம் சரி. நெகடிவை சேஸிஸோடு ஒரே ஒரு இடத்தில், பெயின்ட் சுரண்டி, இறுக்கமாக இணைக்க வேண்டும். அப்போதுதான் பாசிட்டிவ் ஒயர் தோல் உரிந்து இரும்பில் பட்டால் ஃபியூஸ் போகும். லோடு கரன்ட் மட்டும் தனி ஒயரில், எல்லா நெகடிவும் சேருகிற செம்புப் பட்டையான பஸ்பாருக்கு வரட்டும்.

ஃபியூஸ் இல்லாத வண்டியில் அதே ஒயர் உரசி நான் பார்த்திருக்கிறேன். பாக்ஸ் பைப் ஓட்டையில் ஒயரைக் காக்கிற ரப்பர் வளையம், கிரோமெட், இல்லை. கொல்லிமலை இறங்கி வருவதற்குள் ஓட்டையின் விளிம்பு தோலை அறுத்து, செம்பு சிவந்து, பிளைவுட்டில் ஒரு கை நீளத்துக்குக் கரி. உள்ளே யாரும் தூங்கவில்லை, அதுதான் பிழைத்தது.

தாராபுரம்: எனக்கு எத்தனை வாட் போடலாம்?

மூன்றாவது தடவை. கோபி பதிலைப் படியுங்கள்.

பெருந்துறை: 4 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயர் போதுமா?

தூரத்தைப் பாருங்கள். கன்ட்ரோலரிலிருந்து பேட்டரி ஐந்து மீட்டர் என்றால் போக வரப் பத்து. 20 ஆம்ப்ஸுக்கு 4 ஸ்கொயரில் 0.9 வோல்ட் கரைந்துவிடும். 10 ஸ்கொயரில் 0.4-க்குள் நிற்கும். அதைவிட கன்ட்ரோலரை பேட்டரி பக்கத்திலேயே வையுங்கள். ஃபியூஸ் காப்பது ஒயரை: 4 ஸ்கொயருக்கு 25, 10-க்கு 50, அதற்கு மேல் வேண்டாம். எங்கே வைப்பது என்று மறுபடி கேட்காதீர்கள், ஒரு சாண்.

பல்லடம்: வீட்டு மெயின் போர்டில் இருக்கிற எம்.சி.பி. சுவிட்சையே பேனலுக்குப் போடலாமா?

கூடாது. ஏ.சி. நொடிக்கு நூறு தடவை பூஜ்யத்துக்கு வரும், சுவிட்ச் திறக்கும்போது வருகிற தீப்பொறி தானாக அணையும். டி.சி.யில் அந்த இடைவெளி இல்லை. உள்ளே பொறி நின்று எரியும். டி.சி. என்று அச்சடித்ததை வாங்குங்கள்.

காங்கேயம்: 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு ஓடுமா?

12 வோல்ட்டில் 170 ஆம்ப்ஸுக்கு மேல். கேஸ் அடுப்பு வைத்துக்கொள்ளுங்கள்.

நாமக்கல்: கூரையில் பேனல் ஏற்றினால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் பிரச்சினை வருமா?

அது என் வேலைக்குள் வராது. வாகனத்தை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவில் வருகிறது. ஏற்றும் முன் பிரேக் இன்ஸ்பெக்டரைக் கேளுங்கள்.

பவானி: எல்லாம் மாட்டிவிட்டேன். எதை முதலில் இணைக்கட்டும்?

பேட்டரியை முதலில் கன்ட்ரோலருக்கு, அப்புறம் பேனல். கழற்றும்போது பேனல் முதலில். பேனலை இணைக்கும்வரை மேலே ஒரு போர்வை போட்டு வையுங்கள் தம்பி, வெயிலில் அதை ஆஃப் செய்ய சுவிட்ச் கிடையாது.

சங்ககிரி: அண்ணா, மீட்டர் வைத்துப் பார்த்தேன். என் வண்டியில் 0.7 காட்டுகிறது.

10 ஸ்கொயரில் கறுப்பு ஒயர் ஒன்று இழுங்கள். ஒயர் நுனியில் மாட்டுகிற லக்கைக் கிரிம்பிங் டூலில் அமுக்குங்கள், கட்டிங் பிளேயரில் வேண்டாம். போட்டுவிட்டு மறுபடி அளந்து சொல்லுங்கள்.