வழி என்றொரு ஊர்

சார், வணக்கம்.

நான் திருப்பத்தூர்க்காரன். பதினாறு வருடமாக சியாட்டிலில் இருக்கிறேன். போன ஆகஸ்டில் குடும்பத்தோடு ஸ்டெஹீக்கின் என்ற ஊரில் நான்கு நாள் தங்கினோம். ஷெலான் ஏரியின் ஒரு கோடியில் இருக்கிறது. ஏரி 80 கிலோமீட்டர் நீளம், 450 மீட்டர் ஆழம். அந்த ஊருக்கு வெளியிலிருந்து ரோடே கிடையாது. படகில் போகலாம், தண்ணீரில் இறங்கும் குட்டி விமானத்தில் போகலாம், இல்லையென்றால் மலை தாண்டி நடக்கலாம். வருடம் முழுக்க அங்கேயே இருப்பவர்கள் நூறு பேர்கூட இல்லை. செல்போன் எடுக்காது. 312 அடி ரெயின்போ அருவி, ஆக்னஸ் பள்ளத்தாக்கு நடை, பழைய ஆப்பிள் தோட்டம், ஒரு பேக்கரி, அவ்வளவுதான். மெக்சிகோ எல்லையிலிருந்து கனடா வரை நடப்பவர்களுக்குக் கடைசி ஊர் அதுதானாம். தங்கள் பெயருக்குத் தாங்களே அனுப்பிவைத்த சாப்பாட்டு பார்சலை போஸ்ட் ஆபீசில் வாங்கி, வாசலிலேயே உட்கார்ந்து பிரித்தார்கள். என் பன்னிரண்டு வயது மகன் அவர்களை விட்டு நகரவே இல்லை.

பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது ஏலகிரி போனேன். மனசே விட்டுப்போனது. புங்கனூர் ஏரியைச் சுற்றி ஸ்பீக்கர், பஜ்ஜிக் கடை, வேன்கள். பதினான்கு கொண்டை ஊசி வளைவு போட்டதுதான் தப்போ என்று தோன்றியது. அந்த ரோடு வராமல் இருந்திருந்தால் ஏலகிரி நம் ஸ்டெஹீக்கினாக இருந்திருக்கும். நம் ஜனங்களுக்கு இயற்கையை ரசிக்கத் தெரியவில்லை. ஜவ்வாது மலையையாவது விட்டுவைக்க வேண்டும், அங்கே இனி புதிதாக ரோடு போடக் கூடாது என்று நீங்கள் எழுத வேண்டும்.

டிசம்பரில் மகனோடு வருகிறேன். ஏலகிரியா, ஜவ்வாதா? எங்கே நடக்கலாம்? அனுமதி வாங்க வேண்டுமா? கரடி உண்டா?

எஸ்., சியாட்டில்

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் வேலூர் மாவட்டம் அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கத்து நண்பர் ஒருவரோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். மலைமேல் ரோடு எதுவரை வந்திருக்கிறது என்பதுதான் பேச்சு. அதனால்தான் உடனே பதில். இல்லையென்றால் வழக்கம்போல மூன்று மாதம் ஆகியிருக்கும்.

முதலில் கரடி. உண்டு. அது அதன் வேலையைப் பார்க்கும், நீங்கள் உங்கள் வேலையைப் பாருங்கள்.

ஸ்டெஹீக்கின் என்ற பெயருக்கு அந்த மண்ணின் பூர்வகுடிகள் மொழியில் 'கடந்து போகும் வழி' என்று பொருள். ஏரி முடிந்து மலை தொடங்கும் இடம். மலைக்கு அந்தப் பக்கம் போகிறவர்களும் வருகிறவர்களும் காலங்காலமாக மிதித்த தடம் அது. ரோடு இல்லாத ஊர் என்று நீங்கள் கொண்டாடுகிற ஊரின் பெயரே வழி! நான்கு நாள் தங்கிய மனிதர் இதை யாரிடமாவது கேட்டிருக்கலாம்.

இன்னொன்றும் கேட்டிருக்கலாம். 2003-இல் வெள்ளம் வந்து, அந்தப் பள்ளத்தாக்குக்குள் இருந்த சாலையின் மேல்பகுதியை அடித்துக்கொண்டு போனது. தேசியப் பூங்கா நிர்வாகம் அதைத் திரும்பப் போடவில்லை. வேறு தடத்திலாவது போட்டுக் கொடுங்கள் என்று ஊர்க்காரர்கள் சிலர் கேட்டு, விஷயம் அமெரிக்க நாடாளுமன்றம் வரை போயிற்று. ஆக, உங்கள் சொர்க்கத்திலேயே ரோடு கேட்கிற ஆள் இருக்கிறார். மிதவையில் ஏற்றிக் கொண்டுவந்த காரும் அவரிடம் இருக்கிறது. நெஞ்சுவலி என்றால் ஹெலிகாப்டர் வரும். வெளிச்சாலை வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வசதி இருக்கிறது. வேண்டாம் என்று சொல்வதற்கு முதலில் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், சார்.

இனி நான் சொல்லப்போவது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லாததுபோல இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அப்பா ஜவ்வாது மலையில் ஒரு ஆரம்பப் பள்ளியில் வாத்தியார். திங்கட்கிழமை ஏறுவார், சனிக்கிழமை இறங்குவார். 1979 முழுப்பரீட்சை லீவில் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். எனக்குப் பதினொரு வயது. பஸ் விடுகிற இடத்திலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர் ஒற்றையடிப் பாதை. எனக்கு அது திருவிழா. வழியில் கடுக்காய் பொறுக்கினேன், ஓடையில் கால் நனைத்தேன். உங்கள் மகன் இப்போது எப்படியோ அப்படி.

மூன்றாம் நாள் ராத்திரி ஒரு வீட்டில் பிரசவ வலி. தலைப்பிள்ளை. மருத்துவச்சிப் பாட்டி வெளியே வந்து கையை விரித்துவிட்டார். இரண்டு ஆள் ஓடிப்போய் மூங்கில் கழி வெட்டிக்கொண்டு வந்தார்கள். ஒரு கம்பளியை இரண்டு முனையிலும் முடிந்து கழியில் தொங்கவிட்டால் டோலி. அந்த அக்காவை அதில் கிடத்தினார்கள். தோள் கொடுக்க நான்கு பேர், மாற்றிக்கொள்ள நான்கு பேர். அப்பா முன்னால் அரிக்கேன் விளக்கோடு. பின்னால் இன்னொரு விளக்கு வேண்டும், பிடிக்க ஆளில்லை. என் கையில் கொடுத்தார்கள்.

அன்றைக்குத்தான் ஒன்று தெரிந்துகொண்டேன். டோலி தூக்குகிறவர்கள் ஒரே காலை எடுத்து வைக்கக் கூடாது. முன்னால் போகிறவர் இடது காலை வைத்தால் பின்னால் வருகிறவர் வலது காலை வைக்க வேண்டும். இருவரும் சேர்ந்து வைத்தால் கழி துள்ளும், உள்ளே இருப்பவள் அலறுவாள். பட்டாளத்துக்காரன் பழகுவதற்கு நேர் எதிர். இறக்கத்தில், இருட்டில், கல்லில், இதைக் கணக்குத் தப்பாமல் செய்தார்கள். யாரும் சொல்லிக்கொடுத்ததாகத் தெரியவில்லை. தோளில் மடித்துப் போட்ட துண்டு நழுவும்போதெல்லாம், கழியைப் பிடித்த கையை எடுக்காமல் தாடையாலேயே அதை அழுத்திக்கொண்டார்கள். பேச்சில்லை. 'பள்ளம்', 'கல்லு', 'மெதுவா' என்று முன்னால் இருப்பவர் மட்டும் சொல்லிக்கொண்டே போனார். விளக்கின் கண்ணாடி சுட்டது. கை மாற்றிக் கை மாற்றிப் பிடித்தேன்.

பாதி வழியில், அதே ஓடைக்கரையில், இறக்கச் சொல்லிவிட்டார் பாட்டி. ஆண்கள் எல்லாரும் தள்ளிப் போனார்கள். என்னை முதுகைக் காட்டிக்கொண்டு விளக்கைத் தலைக்குமேல் தூக்கி நிற்கச் சொன்னார்கள். எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. குழந்தை அழுதது. பெண் குழந்தை. ஆனால் ரத்தம் நிற்கவில்லை என்று திரும்பவும் டோலியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், இந்த முறை நிஜமாகவே ஓட்டம். விடிகாலையில் கீழே ஆஸ்பத்திரி.

பிழைத்துக்கொண்டாள். நாலாம் நாள் குழந்தையை மார்போடு கட்டிக்கொண்டு, அதே ஏழெட்டு கிலோமீட்டர் மலையை நடந்தே ஏறி வந்தாள். இறங்கத்தான் டோலி, ஏறுவதற்கு யார் தூக்குவார்கள்? அவள் ஊருக்குள் வந்தபோது நான் கோலி விளையாடிக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் அந்த ஓடையில் நான் கால் நனைக்கவில்லை. ஏனென்று கேட்டால் இன்றைக்கும் பதில் இல்லை.

இது பழைய கதை என்பீர்கள். 2023 மே மாதக் கடைசியில் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில், அத்திமரத்துக்கொல்லை என்ற ஊரில், வீட்டுக்கு வெளியே தூங்கிக்கொண்டிருந்த ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. ரோடு இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் குழந்தை இறந்துவிட்டது. உடலைக் கொண்டுவந்த ஆம்புலன்ஸும் பாதை முடிகிற இடத்தில் நின்றுவிட, பெற்றவளே தூக்கிக்கொண்டு மலை ஏறினாள். சியாட்டிலில் நீங்களும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். பார்த்து வருத்தப்பட்டும் இருப்பீர்கள். அந்த வருத்தமும் இந்தக் கடிதமும் ஒரே ஆளிடமிருந்து எப்படி வருகின்றன என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

அழகுக்காக ரோடு வேண்டாம் என்று நான் எழுத மாட்டேன். மலையில் இருப்பவர்கள் வேண்டாம் என்று சொல்லட்டும், அவர்கள் சார்பில் பக்கம் பக்கமாக எழுதுகிறேன். ரோடு வந்த பிறகு அதில் எது ஏறுகிறது, யார் நிலத்தை யார் வாங்குகிறார்கள் என்பது வேறு சண்டை. அதில் உங்கள் பக்கம்தான் நிற்பேன். ஏரிக்கரை ஸ்பீக்கரும் எனக்கு ஆகாது. கொண்டை ஊசி வளைவுகளைத் திட்டாதீர்கள். வள்ளல்கள் பெயரும் புலவர்கள் பெயரும் வைத்திருக்கிறார்கள். பாரி வளைவில் வாந்தி எடுக்காத பிள்ளை திருப்பத்தூரில் உண்டா? நீங்களும் எடுத்திருப்பீர்கள்.

அப்புறம் அந்த 'நம் ஜனங்களுக்கு ரசிக்கத் தெரியவில்லை'. ஞாயிற்றுக்கிழமை ஏலகிரிக்கு வேனில் வருவது யார் என்று பார்த்தீர்களா? பாதிக்கு மேல் ஆம்பூர், வாணியம்பாடி. ஷூ கம்பெனியில் வாரத்தில் ஆறு நாள் தையல் மெஷின் முன்னால் குனிந்தே இருக்கிற பெண்கள். அவர்களுக்குக் கிடைக்கிற ஒரு நாள் அது. அண்டாவில் பிரியாணியைக் கட்டிக்கொண்டு, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வந்து, ஏரியில் அரைமணி நேரம் படகு விட்டு, சத்தமாகச் சிரித்துவிட்டுப் போகிறார்கள். அமைதியாக ரசிக்கவில்லை என்பது உங்கள் குறை. வாரம் முழுக்க வாயைத் திறக்க முடியாதவர்கள் மலையில் வந்தாவது கத்தட்டுமே. ஸ்டெஹீக்கினில் நீங்கள் போட்டு நடந்த ஷூவின் நாக்கைத் தூக்கி, எங்கே தைத்தது என்று பாருங்கள். ஆம்பூர் தையலாகவும் இருக்கலாம்.

திட்டிவிட்டேன். உங்கள் மகன் அந்தப் பார்சல்காரர்களை விட்டு நகரவில்லை என்று எழுதினீர்களே, அந்த ஒரு வரி இல்லையென்றால் பதிலே எழுதியிருக்க மாட்டேன். அவனுக்காக இனி.

இரண்டு மலைக்கும் வாருங்கள். ஏலகிரியில் மங்களம் கிராமத்திலிருந்து சுவாமிமலை ஏறுங்கள். காலையில் கிளம்பினால் வெயிலுக்கு முன் இறங்கிவிடலாம். 2018-இல் குரங்கணித் தீயில் அத்தனை உயிர் போன பிறகு காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நடப்பது கூடாது. 2024 அக்டோபரிலிருந்து வனத்துறை 40 தடங்களுக்கு இணையத்தில் பதிவு வைத்திருக்கிறது, வழிகாட்டியும் வருவார். அதில் பார்த்துக்கொள்ளுங்கள். ஜவ்வாது மலைக்கு ஆலங்காயம் வழியாக ஏறினால் காவலூர். வானியலாளர் வைனு பாப்பு இந்த இடத்தைத் தொலைநோக்கிக்குத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் இங்குள்ள இருட்டு. 1977-இல் யுரேனஸின் வளையங்களைக் கண்டுபிடித்தவர்களில் காவலூரும் உண்டு. 1986-லிருந்து அங்கே 2.3 மீட்டர் தொலைநோக்கி ஒன்று இருக்கிறது. அனுமதி நாள் விசாரித்துக்கொண்டு பையனைக் கூட்டிப்போங்கள். அங்கிருந்து ஜமுனாமரத்தூர், பீமன் அருவி. டிசம்பரில் தண்ணீர் இருக்கும், குளிரும் இருக்கும், கம்பளி கொண்டு வாருங்கள்.

பேக்கரியை எதிர்பார்க்காதீர்கள். யார் வீட்டிலாவது சாமைச் சோறு கிடைத்தால் உட்கார்ந்து சாப்பிடுங்கள். பையன் முகம் சுளித்தால் சுளிக்கட்டும், இரண்டாம் நாள் கேட்டு வாங்கிச் சாப்பிடுவான். வேலூர் வழியாக வந்தால் சொல்லுங்கள். அப்பாவின் அரிக்கேன் விளக்கு இன்னும் பரணில் கிடக்கிறது, கண்ணாடி மட்டும் இல்லை. அவனிடம் காட்டுகிறேன்.