அந்தப் பையனுக்கு மொழி இல்லையா?

அன்புள்ள ஐயா,

நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. ரப்பர்த் தோட்டத்தை விட்டுத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்கு வந்துவிட்ட குடும்பங்களின் பிள்ளைகள்தான் என் வகுப்பில் அதிகம். அவர்கள் பேச்சு எனக்குப் பெரிய கவலை. ரப்பரைக் 'கித்தா' என்கிறார்கள், பழத்தைப் 'பளம்' என்கிறார்கள். மூன்றாம் ஆண்டில் ஒரு பையன் இருக்கிறான். படத்தைக் காட்டி என்ன தெரிகிறது என்று கேட்டால் ஒரு சொல்லுக்கு மேல் வராது. இவனுக்கு மொழியே இல்லையோ என்று பயமாக இருக்கிறது. தோட்டத்துத் தமிழுக்கும் ஒழுங்கு உண்டு, அதை மொழியியலாளர்கள் ஆராய்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். ஆராய்ந்துவிட்டால் பிழை சரியாகிவிடுமா?

ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

அன்புள்ள டீச்சர்,

அந்தப் பையனிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் கடிதத்தைப் படித்த நாளிலிருந்து அவன் என் மனத்தை விட்டுப் போகவில்லை.

1960களில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் எட்டு வயதுக் கறுப்பினச் சிறுவன் ஒருவனை வில்லியம் லபோவ் என்ற மொழியியலாளரின் குழு பேட்டி கண்டது. கேள்வி கேட்டவரும் அதே ஹார்லெமில் வளர்ந்த கறுப்பினத்தவர்தான். ஆனாலும் பையன் வாயிலிருந்து ஒற்றை ஒற்றைச் சொல்தான் வந்தது. அடுத்த முறை அவர் உருளைக்கிழங்கு வறுவலோடு போனார். பையனின் உயிர்த்தோழனையும் கூட்டிவந்து, தரையில் உட்கார்ந்துகொண்டு, பெரியவர்கள் முன்னால் பேசக்கூடாத சொற்களைத் தாமே பேசினார். அதற்குப் பிறகு இரண்டு பையன்களும் ஒருவர் பேச்சில் ஒருவர் புகுந்து போட்டி போட்டுக்கொண்டு பேசினார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு மொழியே போதாது என்று கல்வியாளர்கள் பலர் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. 1969இல் லபோவ் அதை மறுத்து எழுதினார். குறை பிள்ளையிடம் இல்லை, அவனைச் சோதித்த விதத்தில்தான் என்றார்.

பெரிய ஆள் ஒருவர் எதிரே உட்கார்ந்து, தமக்கே விடை தெரிந்த கேள்வியைக் கேட்கிறார். என்ன சொன்னாலும் தப்பாகிவிடலாம். அந்த இடத்தில் எந்தப் பிள்ளையும் வாயை மூடிக்கொள்ளத்தான் செய்யும். தோட்டத்தில் விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் என் அப்பா நின்றதும் அப்படித்தான். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் எது கேட்டாலும் 'ஆமாங்க', 'இல்லைங்க'. அதற்கு மேல் அவர் ஒரு சொல் பேசி நான் கேட்டதில்லை. அதே அப்பா சாயங்காலம் லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் உட்கார்ந்து, பால் எடுக்க மரம் வெட்டப் போன இடத்தில் மலைப்பாம்பைப் பார்த்த கதையைத் தொடங்கினால், அடுத்த லயத்துக்காரர்கள் பாயை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். மண்டோரிடம் கேட்டிருந்தால் என் அப்பாவுக்கும் மொழி இல்லை என்றுதான் சொல்லியிருப்பார்.

இனி 'பளம்'. தடுமாறி ஒன்றைச் சொல்லிவிட்டு நாமே திருத்திக்கொள்கிறோமே, அதைப் பிழை என்பேன். ஊரே ஒரே மாதிரி சொல்வது வழக்கு. அந்த வழக்கில் ஒழுங்கு இருக்கிறதா என்று பார்க்க, யார் எங்கே எப்படிச் சொல்கிறார்கள் என்று கணக்கெடுப்பதுதான் வழி. 1962இல் லபோவ் நியூயார்க்கில் மூன்று கடைகளுக்குப் போனார். ஒன்று பணக்காரர்களுக்கானது, ஒன்று நடுத்தரம், ஒன்று மலிவு. நான்காம் மாடியில் இருக்கும் பொருள் எங்கே என்று விற்பனையாளர்களிடம் விசாரித்தார். ஆங்கிலத்தில் 'நான்காம் மாடி' (fourth floor) என்றால் ரகரம் இரண்டு இடத்தில் வரும். நியூயார்க்கில் அதை ஒலிப்பவர்களும் உண்டு, விழுங்கிவிடுபவர்களும் உண்டு. காதில் விழாதவர் போல மறுபடி கேட்டு, இன்னொரு தரம் அழுத்திச் சொல்ல வைத்தார். 264 பேர். கடை எவ்வளவு உயர்ந்ததோ அந்த அளவுக்கு ரகரம் ஒலித்தது. இரண்டாம் தரம் கவனமாகச் சொன்னபோது இன்னும் கூடியது.

என் அம்மாவை நினைத்துக்கொள்கிறேன். தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் 'பளம்' என்பார். மாரியம்மன் கோயிலில் பூசாரியிடம் தட்டை நீட்டும்போது நாக்கை மடித்துப் 'பழம்' என்பார். அவருக்கு ழகரம் தெரியாமல் இல்லை. எங்கே எது என்று தெரிந்திருந்தது. அந்த அறிவை எந்தப் பள்ளியும் அவருக்குச் சொல்லித்தரவில்லை.

'கித்தா' என்றதற்காக நானும் சின்ன வயதில் வகுப்பில் பெஞ்சு மேல் நின்றவன். திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் கங்காணி கூட்டிவந்த நம் தாத்தாக்கள் ஊரில் அந்த மரத்தைப் பார்த்ததில்லை. இங்கே மலாய்க்காரர் 'கெத்தா' என்றதைக் கேட்டுக் கித்தா என்றார்கள். பால் வடிவதைப் பார்த்துப் பால்மரம் என்றும் சொன்னார்கள். எந்தக் கலைச்சொல் குழுவும் கூடவில்லை. (கடையும் கப்பலும் நம்மிடமிருந்து மலாய்க்குப் போனவை. அதனால் மலாய் கெட்டுப்போனதாக யாரும் சொல்வதில்லை.) 1938இல் இந்திய அரசு தோட்டங்களுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. அதற்குள் பல மாவட்டத்துப் பேச்சு ஒரே லயத்தில் சுவரோடு சுவர் ஒட்டிக் கிடந்தது. அவற்றைக் கலந்து, மலாய்ச் சொல்லையும் சேர்த்து, இந்த மண்ணின் தமிழைப் பேசியவர்கள் அங்கே பிறந்த பிள்ளைகள். உங்கள் மாணவனின் வாயில் இருப்பது அதுதான். லயங்கள் இடிக்கப்பட்டு அங்கிருந்தவர்கள் ஆளுக்கொரு தாமானுக்குச் சிதறிய பிறகும் அது மிச்சம் இருப்பதே எனக்கு ஆச்சரியம்.

எழுத்துத் தமிழைக் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள். 'பழம்' என்று எழுதத் தெரியாமல் அவன் ஆறாம் ஆண்டைத் தாண்டக்கூடாது. இதில் உங்கள் பக்கம்தான் நான். எழுத்துக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று ஒரே மொழியை இரண்டாக வைத்துக்கொள்ளும் சமூகங்களைப் பற்றி ஃபெர்குசன் என்ற மொழியியலாளர் 1959இலேயே எழுதினார். தமிழர்கள் எல்லாருமே அப்படித்தான். மதுரைப் பேராசிரியரும் வீட்டில் 'வந்துகொண்டிருக்கிறேன்' என்று சொல்வதில்லை. 'உன் பேச்சு தப்பு' என்பதற்குப் பதிலாக, 'வீட்டில் இப்படிச் சொல்கிறோம், நோட்டில் இப்படி எழுதுகிறோம்' என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

அதற்கு முன் ஒன்று செய்வீர்களா? ஓய்வு நேரத்தில் அவனையும் அவன் கூட்டாளியையும் திண்ணையில் உட்கார வையுங்கள். முறுக்குப் பொட்டலம் ஒன்று இருக்கட்டும். படம் வேண்டாம். தாத்தா மரம் வெட்டிய காட்டில் பாம்பு வந்த கதை வீட்டில் யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று மட்டும் கேளுங்கள். பிறகு நீங்கள் பேசாமல் இருங்கள். அவன் என்ன சொன்னான் என்று, அவன் சொன்ன மாதிரியே எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்