வருகைப் பதிவேட்டில் ஒரு பெயர்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வீட்டுவேலைக்கு ஊதியம் வேண்டும் என்று நீங்கள் எழுதியது எனக்கு ஒப்பவில்லை. நான் சம்பாதிக்கிறேன், மனைவி வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். சம்பளம் இருவருக்கும் பொது. அன்பால் செய்வதற்கு விலை போட்டால் குடும்பம் என்னாவது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சம்பளம் பொது என்கிறீர்கள், சரி. அது எப்படி வருகிறது என்று பாருங்கள். குழந்தைக்கு இரவில் காய்ச்சல். ஒருவர் துணியை நனைத்து நெற்றியில் போட்டு, காய்ந்ததும் மாற்றி, அடுத்த வேளை மருந்துக்கு மணி பார்த்துக்கொண்டு விடியவிடிய உட்கார்ந்திருக்கிறார். பக்கத்து அறையில் தூங்கி எழுந்தவர் துவைத்து மடித்த சட்டையைப் போட்டுக்கொண்டு நேரத்துக்கு வேலைக்குப் போகிறார். வருகைப் பதிவேட்டில் அவர் பெயர் மட்டும் ஏறுகிறது. இருவர் உழைப்பை முதலாளி ஒரு சம்பளத்துக்கு வாங்கிக்கொள்கிறார்.

1972இல் இத்தாலியின் பாதுவா நகரில் கூடிய செல்மா ஜேம்ஸ், மரியரோசா தல்லா கோஸ்தா, சில்வியா ஃபெடரீசி முதலான பெண்ணியவாதிகள் தொடங்கிய ‘வீட்டுவேலைக்கு ஊதியம்’ இயக்கம் இதைத்தான் சொன்னது. கணவன் பையிலிருந்து கூலி கேட்கவில்லை அவர்கள், அரசிடம் கேட்டார்கள்.

அந்த இரவில் அன்பு இருந்தது, மறுக்கவில்லை. செவிலியரும் அன்போடுதான் கவனிக்கிறார். அதற்காக அவர் சம்பளத்தைப் பிடிக்கிறோமா?

இந்த உழைப்பு நின்றால் என்னாகும் என்று காட்ட, 1975 அக்டோபர் 24 அன்று ஐஸ்லாந்துப் பெண்களில் சுமார் 90 சதவீதம் பேர் அலுவலக வேலை, வீட்டுவேலை இரண்டையும் நிறுத்தினார்கள். அப்பாக்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அலுவலகம் போக வேண்டியதாயிற்று.

உங்கள் கடிதத்தில் வராத இன்னொருவர் இருக்கிறார். வசதியான வீட்டில் இதே வேலையைச் செய்ய வரும் பெண். வீட்டில் சும்மா நடக்கிற வேலைதானே என்ற நினைப்பில்தான் அவர் கூலி இவ்வளவு குறைகிறது. அப்புறம் அவர் தன் வீட்டுக்குப் போய் அதையே கூலியில்லாமல் மறுபடி செய்கிறார். முதல் வீட்டு அம்மாவின் சுமை இறங்கியது உண்மை. ஆனால் அது இன்னொரு பெண்ணின் தோளுக்கு மாறியது, அவ்வளவுதான். இரண்டு வீட்டு ஆண்களும் அந்த வேலையில் கை வைக்கவில்லை. எனக்கு எல்லாவற்றையும்விட உறுத்துவது இந்த இடம்தான்.

தொகை கொடுத்துவிட்டால் போதுமா என்ற தயக்கம் எனக்கும் உண்டு. ‘அதான் பணம் வருதே’ என்று மொத்த வேலையையும் பெண் தலையிலேயே கட்டிவிடுவார்கள். அதனால் பணத்தோடு நிறுத்தாமல், முதுமையில் அவர் பெயரிலேயே ஓய்வூதியமும், ஆணுக்கும் பெண்ணுக்கும் குறைந்த வேலைநேரமும் கேட்கிறேன். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அப்பாவும் சம்பளம் போகாமல் விடுப்பு எடுக்க முடிய வேண்டும். அடுத்த காய்ச்சலுக்கு யார் விழித்திருப்பது என்று உங்கள் மனைவியிடம் பேசிவிட்டு மறுபடி எழுதுங்கள்.

அன்புடன்.