கிழவியின் மருந்து

வணக்கம் அண்ணா,

உங்கள் தளத்தை இரண்டு வருடமாக வாசிக்கிறேன், எழுத்துக் கூட்டி, மெதுவாக. இந்தக் கடிதத்தை நானும் அத்தையும் சேர்ந்து எழுதுகிறோம். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா தவறிப் பத்து மாதம் ஆகிறது. டர்பனில், சாட்ஸ்வர்த் பேவியூவில் வீட்டின் பின்பக்கமே மெக்கானிக் வேலை பார்த்தவர். எங்களுக்கு விட்டுப்போனது ஒரு 1971 ஃபோர்டு காப்ரி பெரானா, வி8 மசில் கார். நான் ஜோஹன்னஸ்பர்க் பக்கம் லெனேஷியாவில் ஃப்ளாட்டில் இருக்கிறேன், நிறுத்த இடமில்லை. அண்ணன் பெர்த்தில் இருந்துகொண்டு விற்றுவிடு என்கிறான். அத்தை, வருஷத் திவசம் முடியாமல் அதைத் தொடக்கூடாது, அப்பாவின் உயிர் அதில்தான் இருக்கிறது என்கிறார். ஒரு வியாபாரி வந்து பார்த்தார். இது அசல் பெரானாவா, சாதா காப்ரியில் யாரோ இஞ்சின் மாற்றியதா என்று சொல்ல முடியாது என்று விலையைப் பாதியாக்கினார். அப்பாவின் ரிப்பேர் நோட்டைக் காட்டினேன். இந்தக் கிறுக்கலை யார் படிப்பது, குப்பையில் போடுங்கள் என்றார். அப்பாவுக்குப் பெரிய தமிழெல்லாம் தெரியாது, வெறும் பட்டறைத் தமிழ்தான். மூன்று பக்கம் படம் எடுத்து அனுப்புகிறேன். 1979இல் "குமரி வந்தா" என்று எழுதியிருக்கிறார். அது யார் என்று அத்தைக்கே தெரியவில்லை. 2006இல் "கிழவி இருமுறா, மருந்து ஊத்தணும்" என்று இருக்கிறது. ஆனால் பாட்டி 1998லேயே போய்விட்டார். அத்தை அதை வாசித்து ஒரு நாள் முழுக்க அழுதார்.

விற்பது அப்பாவுக்குச் செய்யும் துரோகமா? என்ன விலை கேட்கலாம்?

வாசகி, லெனேஷியா

---

அன்புள்ள தங்கச்சி,

துரோகம் இல்லை. விற்றுவிடுங்கள். டர்பன் கடற்காற்றில் நின்றுகொண்டே இருக்கும் கார் உள்ளிருந்து துருப்பிடிக்கும், டயர் வெடித்துப் பிளக்கும், டேங்கில் பெட்ரோல் பிசினாகும். உங்கள் அப்பா ஒரு மெக்கானிக். ஓடாத வண்டியை அவர் எப்படிப் பார்த்திருப்பார் என்று உங்களுக்கே தெரியும். திவசம் முடியட்டும் என்று அத்தை சொன்னால் இரண்டு மாதம் காத்திருங்கள். அதில் ஒன்றும் கெட்டுப்போகாது, எப்படியும் காகித வேலைக்கே அவ்வளவு நாள் ஆகும். உயர் நீதிமன்றத்தின் மாஸ்டர் அலுவலகம் சொத்து நிர்வாகியாக யாரை நியமித்ததோ அவர் கையெழுத்துப் போட்டால்தான் வண்டி கைமாறும். உங்கள் அண்ணன் பெர்த்தில் இருந்து வாட்ஸாப்பில் சொல்வது கையெழுத்து ஆகாது.

விலையைப் பற்றி என்னைக் கேட்காதீர்கள். என் டொயோட்டாவையே நான் ஏமாந்துதான் விற்றேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் விஷயம் என்று நினைக்காத விஷயம்.

முதலில் அத்தைக்குச் சொல்லுங்கள், அழ வேண்டாம். அந்தக் கிழவி உங்கள் பாட்டி இல்லை. கார். குமரியும் அதே கார்தான். 1979இல் வீட்டுக்கு வந்தபோது எட்டு வயதுக் குமரி. 2006இல் முப்பத்தைந்து வயது, காருக்கு அது கிழப்பருவம். நடுவில் எந்த வருஷம் அவள் குமரியிலிருந்து கிழவியானாள் என்று நோட்டைப் புரட்டிப் பாருங்கள். எனக்கு அதைத் தெரிந்துகொள்ளாமல் தூக்கம் வராது.

மருந்து கதையைச் சொல்கிறேன். தென்னாப்பிரிக்காவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2006 ஜனவரி முதல் தேதியோடு நின்றது. உங்கள் படத்தில் உள்ள பக்கத்துக்குத் தேதி அதே ஜனவரி, இருபத்தியொன்று. பழைய இரும்பு இஞ்சின்களில் வால்வு வந்து உட்காரும் இடத்துக்கு அந்த ஈயம்தான் மெத்தை மாதிரி இருந்தது. மெத்தை போனால் வால்வு ஒவ்வொரு முறையும் இரும்பில் மோதி, உட்காரும் இடம் தேய்ந்துகொண்டே போகும். கடைசியில் வால்வு சரியாக மூடாது, இஞ்சின் பலம் குறையும், விட்டுவிட்டு அடிக்கும். ஈயத்துக்குப் பதிலாகப் பெட்ரோலில் கலக்க ஒரு திரவம் பாட்டிலில் விற்றார்கள். அதைத்தான் உங்கள் அப்பா எழுதியிருக்கிறார். அவர் வரியை அப்படியே தருகிறேன், அத்தை பாதியில் நிறுத்திவிட்டார் போலிருக்கிறது: "கிழவி இருமுறா. ஈயம் நின்னு போச்சு. இனி மருந்து ஊத்தணும். பாட்டில் ஒண்ணு."

நான்கு வாக்கியம். நோயைச் சொல்லி, காரணத்தைச் சொல்லி, வைத்தியத்தைச் சொல்லி, மருந்தின் அளவையும் சொல்லியாகிவிட்டது. இதில் ஒரு சொல்லை எடுக்க முடியுமா என்று பார்த்தேன். முடியவில்லை. நாற்பது வருடமாக எழுதுகிற எனக்கு இப்படி ஒரு பத்தி வாய்த்ததில்லை.

இதையா "பெரிய தமிழெல்லாம் தெரியாது, வெறும் பட்டறைத் தமிழ்" என்று எழுதினீர்கள்? அந்த வியாபாரி குப்பை என்றான், அவனுக்கு வாசிக்கத் தெரியாது, போகட்டும். நீங்கள் எழுத்துக் கூட்டியாவது வாசிக்கிறவர். நீங்கள் "வெறும்" என்று எழுதியதுதான் எனக்குச் சுட்டது.

பெரிய தமிழ் என்று நீங்கள் எதை நினைக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நம் ஊரில் எல்லோரும் அதைத்தான் நினைக்கிறோம். கோயிலில் தேவாரம். கையில் இருக்கும் தாளில் அது ஆங்கில எழுத்தில் அச்சாகியிருக்கும். ஐஸ்டெட்ஃபாட் என்கிற கலைப் போட்டியில் பட்டுப் பாவாடை கட்டிய பிள்ளை திருக்குறள் ஒப்பிக்கும், கோப்பையை வாங்கிக்கொண்டு இறங்கி வந்து அம்மாவிடம் ஆங்கிலத்தில் ஐஸ்கிரீம் கேட்கும். அந்தப் பிள்ளைகளுக்கு நானே நீதிபதியாக உட்கார்ந்து மதிப்பெண் போட்டிருக்கிறேன். அவர்களைக் குறை சொல்லவில்லை. 1860இல் ட்ரூரோ கப்பலில் மதராஸிலிருந்து வந்து இறங்கியவர்களின் மொழி இத்தனை தலைமுறை தாண்டி ஒப்பிக்கவாவது இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டவன்தான் நானும். ஆனால் தமிழைத் தூக்கிச் சாமி மேடையில் வைத்துவிட்டோம். கற்பூரம் காட்டுகிறோம், காவடி மாதத்தில் தொட்டுக் கும்பிடுகிறோம். அதை வைத்து ஒரு பிளக் வாங்க மாட்டோம்.

உங்கள் அப்பா வாங்கினார். அந்த முதல் பக்கத்தைப் பாருங்கள். பிளக்கு எட்டு, பாயிண்டு செட்டு ஒன்று, கேஸ்கெட்டு. புரட்டாசி முதல் சனிக்கிழமைக்கு எதிரே "கோயில். வேலை இல்லை" என்று ஒரு கோடு. கிரீஸ் பட்ட கட்டை விரல் ரேகை ஓரத்தில் விழுந்திருக்கிறது. நம் ஆட்கள் இந்த மண்ணில் தமிழை எதற்குப் பயன்படுத்தினார்கள் என்று நாளைக்கு யாராவது கேட்டால் தேவாரத் தாளைக் காட்ட எனக்கு விருப்பமில்லை. இதைக் காட்டுவேன்.

இவ்வளவு சத்தம் போடுகிறேனே, எனக்கென்ன யோக்கியதை என்று கேட்பீர்கள். கேளுங்கள். ஒரு யோக்கியதையும் இல்லை, அதனால்தான் சத்தம்.

என் அப்பா டர்பன் மாநகராட்சியில் ரோடு போடுகிற வேலை பார்த்தார். மேகசின் பேரக்ஸில்தான் பிறந்தேன். மாநகராட்சித் தொழிலாளிகளை அடுக்கி வைத்திருந்த குடியிருப்பு, பெரும்பாலும் தமிழர்கள். அங்கே எங்கள் வரிசைக்கு ஒரு சாவு நிதி இருந்தது. வீட்டுக்கு மாதம் ஆறு பென்ஸ், யார் வீட்டில் சாவு விழுந்தாலும் பெட்டிக்கும் வண்டிக்கும் அதிலிருந்து கொடுப்பார்கள். கணக்கு என் அப்பாவிடம். நீள நோட்டு, தமிழில். 1961 பிப்ரவரியில் பவுண்டும் ஷில்லிங்கும் பென்ஸும் போய் ராண்டும் செண்டும் வந்தபோது அவர் மூன்று கட்டம் போட்டிருந்த பக்கத்தை அடித்துவிட்டு இரண்டு கட்டமாகப் புதிதாகக் கோடு போட்டார். நான் சின்னப் பையன், ஸ்கேலை அழுத்திப் பிடித்துக்கொண்டது நான். "ஆடாதே, ஆடினா ஒரு வீட்டுக் கணக்கே கோணிப்போகும்" என்றார். பிறகு அறுபதுகளில் பேரக்ஸைக் காலி செய்து எங்களையெல்லாம் சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பினார்கள். அந்த வரிசையில் இருந்தவர்கள் ஆளுக்கொரு யூனிட்டில், அதாவது எண் போட்டுப் பிரித்த பகுதியில், சிதறிப்போனார்கள். அதன் பிறகும் அவர் அந்த நோட்டை வைத்திருந்தார். யார் எங்கே போனார்கள் என்று பெயருக்குப் பக்கத்தில் யூனிட் எண்ணைப் பென்சிலால் குறித்திருந்தார்.

1994 ஏப்ரலில், நாடே வாக்களிக்க வரிசையில் நின்ற அதே மாதத்தில், அம்மா போய் ஒரு வருடம் கழித்து, நான் வீட்டைப் பெரிதாக்கினேன். அப்பாவின் ரேடியோகிராமை, தேக்குப் பெட்டியோடு, துடைத்து மெழுகு போட்டு ஹாலில் வைத்தேன். நோட்டுகள் நாலைந்து இருந்தன. கரையான் அரித்திருக்கிறது என்று உடைந்த ஓட்டோடு லாரியில் ஏற்றிவிட்டேன். நான் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவன். அன்றைக்குச் சாயங்காலம் வகுப்பும் எடுத்தேன்.

அந்த ரேடியோகிராம் இன்றைக்கு வரை பாடவில்லை. பேத்தி அதன் மேல் ரிமோட்டை வைப்பாள்.

சரி. உங்கள் வியாபாரியிடம் வருவோம், ஏனென்றால் இந்த நோட்டில் பணமும் இருக்கிறது. பழைய கார் புதுப்பிக்கிற என் நண்பன் ஒருவனிடம் படத்தைக் காட்டினேன். அவன் சொன்னது இது. பெரானாவைச் செய்தவர் ஜோஹன்னஸ்பர்க் பக்கம் ஈடன்வேலில் பட்டறை வைத்திருந்த பேசில் கிரீன். காப்ரியின் சின்ன உடம்புக்குள் மஸ்டாங்கில் ஓடிய 302 கன அங்குல வி8 இஞ்சினை இறக்கினார். கிட்டத்தட்ட ஐந்து லிட்டர். எழுபதுகளின் தொடக்கத்தில் கொஞ்சம்தான் செய்தார்கள். ஆனால் காப்ரி வைத்திருக்கிற எவனும் பிற்பாடு ஒரு வி8 வாங்கி உள்ளே இறக்கிப் பெரானா என்று பெயர் ஒட்டிக்கொள்ளலாம். அப்படி ஒட்டியவர்கள் உண்டு. அதனால் வண்டியை விடக் காகிதத்தைத்தான் முதலில் பார்ப்பார்களாம். வியாபாரி விலையைக் குறைத்தது அந்தச் சந்தேகத்தைச் சொல்லித்தான்.

சந்தேகத்துக்குப் பதில் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. "குமரி வந்தா" என்ற வரிக்குக் கீழே இஞ்சின் எண், சேஸிஸ் எண், யாரிடம் வாங்கியது, எத்தனை மைல் ஓடியிருந்தது, எல்லாம். எண்களை வண்டியில் போய்ச் சரிபாருங்கள், சேஸிஸ் எண்ணையும் சேர்த்து. பொருந்தினால் அந்த ஆளை மறுபடி கூப்பிடாதீர்கள், வேறு ஆள் பாருங்கள். ஒரு சாட்ஸ்வர்த் மெக்கானிக் கைக்கு இப்படி ஒரு வண்டி எப்படி வந்தது என்று என் நண்பன் ஆச்சரியப்பட்டான். 1979 என்றால் எனக்கு ஆச்சரியமில்லை. அந்த வருடம் ஈரானில் ஆட்சி கவிழ்ந்து இந்த நாட்டுக்கு வந்துகொண்டிருந்த எண்ணெய் நின்றது. நாம் அப்போது எண்ணெயில் பெரும்பகுதியை அங்கிருந்துதான் வாங்கிக்கொண்டிருந்தோம். எட்டு சிலிண்டர் வண்டிக்குத் தீனி போட முடியாமல் எத்தனையோ பேர் கைகழுவிய நேரம். அந்த நேரத்தில்தான் அவர் குமரியைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

வாங்குகிறவருக்கு நோட்டின் நகலைக் கொடுங்கள். ஆங்கில மொழிபெயர்ப்பு நான் செய்து தருகிறேன், காசு வேண்டாம். அசல் உங்களிடம் இருக்கட்டும். அசலும் வேண்டும் என்று அடம்பிடித்தால், வண்டியே விற்காவிட்டாலும் பரவாயில்லை, கொடுக்காதீர்கள். அண்ணன் கோபித்துக்கொள்வான். கோபிக்கட்டும். அவனுக்கு நான் தனியாக எழுதுகிறேன், முகவரி அனுப்புங்கள்.

ஸ்கேன் எடுக்கும்போது அட்டையையும் எடுங்கள். பின் அட்டையில் உள்பக்கம் ஏதாவது கூட்டல் கணக்கு இருக்கும், அதையும்.

இன்னொன்று. மூன்றாவது படத்தைத் தலைகீழாக அனுப்பியிருக்கிறீர்கள், அதனால்தான் அதைப் பற்றிக் கடிதத்தில் ஒன்றும் எழுதவில்லை என்று நினைக்கிறேன். திருப்பி வைத்து வாசித்தேன். 1997 பிப்ரவரி. "வான் ரீனன் ஏறும்போது மூச்சு வாங்குது. மேலே காத்து லேசு. சின்ன ஜெட்டு போடணும்" என்று தொடங்குகிறது. டர்பனில் கடல் மட்டத்தில் ஓடிப் பழகிய வண்டி வான் ரீனன் கணவாய் ஏறி ஜோஹன்னஸ்பர்க் உயரத்துக்குப் போனால் காற்று குறைந்து பெட்ரோல் அதிகமாகிவிடும், பெட்ரோலைக் குறைத்து விடுகிற சின்ன ஜெட்டுதான் அதற்கான வைத்தியம். நீங்கள் அங்கே படிக்கப் போன வருடம் அதுதானா? கீழே ஒரு பட்டியல் இருக்கிறது:

காபரேட்டர் ஜெட்டு 2.
ஃபேன் பெல்ட்டு 1.
பிள்ளைக்குப் போர்வை 1.

மூன்றுக்கும் எதிரே விலை எழுதியிருக்கிறார். போர்வைதான் கூடுதல்.