காலையில் கண் விழித்ததுமே பதற்றமும் சோர்வும் வருகிறதே, என்ன செய்வது?

"ராத்திரி நன்றாகத்தான் இருந்தேன், விழித்ததும் நெஞ்சு படபடக்கிறது, காரணமே தெரியவில்லை" என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் உடம்பின் பங்கும் உண்டு. விழித்த முதல் 30 முதல் 45 நிமிடங்களில் கார்டிசால் என்ற ஹார்மோன் பெரும்பாலானோருக்கு ஏறும். ஏற்கெனவே கவலையில் இருப்பவருக்கு அந்த ஏற்றமே படபடப்பாகத் தெரியலாம். மனசு சும்மா இருக்குமா? உடனே அதற்கொரு காரணம் தேடும்: கடன், வேலை, நேற்று யாரோ சொன்ன ஒரு சொல்.

படுத்தபடியே யோசிப்பதுதான் இதில் பெரிய பொறி. நானும் அப்படித்தான் கிடந்தேன். அலாரத்தை அணைக்கப் போனை எடுப்பேன், அலுவலகச் செய்தி கண்ணில் படும், போர்வைக்குள்ளேயே வியர்த்துவிடும். பிறகு போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு, தனியாக ஒரு கடிகாரம் வாங்கினேன். விழித்ததும் காலைத் தரையில் ஊன்றி, மூச்சை மெதுவாக, உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக, பத்து முறை. அப்புறம் ஜன்னல் வெளிச்சம், முகத்தில் தண்ணீர், கொஞ்சம் நடை. "மனசு சரியானதும் எழுந்திருக்கலாம்" என்று காத்திருந்தால் மதியம் ஆகிவிடும்.

காபி படபடப்பைக் கூட்டினால் சற்றுத் தள்ளிப்போடுங்கள். இரவில் மது குடிப்பவர்களுக்கு அதுவே காலைப் பதற்றத்துக்குக் காரணமாகலாம்.

சரி, எப்போது மருத்துவரைப் பார்ப்பது? காலையில் மோசமாகி மாலையில் தேறுவது மனச்சோர்வு நோயிலும் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, எதிலும் நாட்டமில்லாமல் போனாலோ போய்விடுங்கள். தைராய்டையும் சோதிக்கச் சொல்வார்கள். வாழவே வேண்டாம் என்று தோன்றினால் இன்றே யாரிடமாவது சொல்லுங்கள், இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம்.